ஆராய்ச்சிக்காரர்கள் கதவைத் தட்டும்போது: டர்பனிலிருந்து கேள்வியும் பதிலும்

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம் பல்கலைக்கழக ஆய்வுகளுக்காக ஃபீல்டு வொர்க்கராக வீடு வீடாக அலைந்தேன். இப்போது, ஆய்வுகள் மனிதர்களிடம் நேர்மையாக நடக்கின்றனவா என்று பார்த்து அனுமதி தரும் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் பொதுமக்கள் சார்பில் உட்காருகிறேன். என்னிடம் கேள்வி கேட்பவர்கள் இரண்டு வகை. டர்பனில் நம் ஆட்கள் அதிகம் இருக்கிற மெர்பேங்க், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் "ரத்தம் கேட்கிறாங்க, கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படிக்கிற பிள்ளைகள் "அங்கே வந்து ஆராய்ச்சி பண்ணலாமா?" என்று எழுதுவார்கள். இரண்டு பேருக்குமான பதில்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கூட்டு ஆராய்ச்சி என்கிறார்களே, ஒரு டிபார்ட்மெண்ட் ஒழுங்காகப் பார்த்தால் போதாதா?

சில விஷயங்களுக்குப் போதும். மெர்பேங்கின் காற்றுக்குப் போதவில்லை.

தெற்கு டர்பனை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்களுக்கு மெர்பேங்க், கலப்பினத்தவருக்கு வென்ட்வர்த் என்று ஒதுக்கினார்கள். அதே நிலத்தில் 1954-இல் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது, 1960-களில் இன்னொன்று வந்தது. பேப்பர் மில்லும் ரசாயனத் தொட்டிகளும் கூடவே சேர்ந்தன. ராத்திரி ஜன்னலைத் திறந்தால் அழுகின முட்டை வாடை வரும் என்று என் மாமியார் சொல்வார். வீட்டுக்கு ஒரு இன்ஹேலர் இருந்தது. புகார் கொடுத்தால் "உங்கள் வீட்டுத் தூசியாக இருக்கும், சிகரெட்டாக இருக்கும்" என்பதுதான் பதில்.

2000-த்தை ஒட்டி, மெர்பேங்கில் ஆலைகளுக்கு நடுவே இருக்கிற செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் ஓர் ஆய்வு நடந்தது. அன்றைய நேட்டால் பல்கலைக்கழக மருத்துவர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் காற்று மாசு நிபுணர்கள், ஊர்க்காரர்களின் சங்கம் எல்லாரும் அதில் சேர்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பள்ளி நேரத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை கையடக்கக் கருவியில் முழு மூச்சாக ஊதுவார்கள். அதே நாட்களில் அதே பள்ளியில் கந்தக டை ஆக்சைடையும் தூசித் துகளையும் இயந்திரங்கள் அளந்துகொண்டிருந்தன. பரிசோதித்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது. மாசு ஏறியதைத் தொடர்ந்து ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் ஊதும் காற்றின் அளவு இறங்கியதும் பதிவானது.

டாக்டர் தனியாகப் போயிருந்தால் "இங்கே ஆஸ்துமா அதிகம்" என்று எழுதிவிட்டு வந்திருப்பார். இன்ஜினியர் தனியாகப் போயிருந்தால் "காற்று மோசம்" என்று எழுதியிருப்பார். ஒன்றுக்கும் மற்றதுக்கும் முடிச்சுப் போட, ஒரே பிள்ளையின் மூச்சும் ஒரே நாளின் காற்றும் ஒரே அட்டவணையில் வரவேண்டும். பிறகு தெற்கு டர்பன் பள்ளிகளை வடக்குப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பெரிய ஆய்வு நடந்தது. நகராட்சியும் காற்றைக் கண்காணிக்கும் நிலையங்களை அமைத்தது.

இதில் என் கண்ணில் முதலில் படுவது வேறொன்று. அந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. மெர்பேங்க் அம்மாக்கள் அதைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஆய்வு என் கமிட்டி மேசைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்: இந்தக் கேள்வி யாருடையது?

விஞ்ஞானம் சரி. சமூக அறிவியல்காரர்களுக்கு இதில் என்ன வேலை?

இதை டாக்டர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் "வாய்ஸ்" ஆய்வின் கதையைச் சொல்வேன்.

2009 முதல் 2012 வரை தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் 5,029 பெண்களிடம் ஓர் எச்ஐவி தடுப்பு ஆய்வு நடந்தது. தினம் ஒரு மாத்திரை, அல்லது பெண்ணுறுப்புக்குள் தினம் போடுகிற ஒரு மருந்து ஜெல். டர்பன் சுற்றுவட்டாரத்தில் சாட்ஸ்வர்த், இசிப்பிங்கோ, டொங்காட், வெருலம் என்று நமக்குப் பழகின பெயர்களில்தான் கிளினிக்குகள் இருந்தன. இதே ஊரின் காப்ரிசா என்ற எச்ஐவி ஆய்வு மையத்தில் சலீம், குரைஷா அப்துல் கரீம் தம்பதி நடத்திய ஜெல் ஆய்வு 39% பாதுகாப்புக் கிடைத்ததாக 2010-இல்தான் அறிவித்திருந்தது. அதனால் எல்லாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு.

வாய்ஸில் ஒன்றுமே வேலை செய்யவில்லை. மருந்தில் கோளாறா? பெண்கள் சொன்ன கணக்குப்படி 90% தவறாமல் பயன்படுத்தியிருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் பத்தில் ஏறத்தாழ மூன்று மாதிரிகளில்தான் மருந்து இருந்தது.

ஆய்வுக்கூடத்தால் இதற்கு மேல் ஒரு அடி நகர முடியாது. மருந்து ரத்தத்தில் இல்லை என்று சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது. அப்போதுதான் மானிடவியல் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பெண்களின் ரத்த முடிவையே அவர்கள் கையில் கொடுத்து, "இப்போது சொல்லுங்கள்" என்றார்கள். காரணங்கள் வரிசையாக வந்தன. இது எச்ஐவிக்காரர்கள் சாப்பிடுகிற மாத்திரை, டப்பாவை மாமியார் பார்த்தால் என்ன நினைப்பார்? நல்லாத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை? உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? உண்மையைச் சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்த நல்ல கிளினிக் கவனிப்பு போய்விடுமே?

தினமும் நினைவு வைத்து, யாருக்கும் தெரியாமல் எடுக்க வேண்டிய மருந்து பல பெண்களின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பது இப்படிப் புரிந்தது. 2024-இல் வந்த முடிவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட தென்னாப்பிரிக்க, உகாண்டா இளம்பெண்கள் 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஊசியைக் கண்டுபிடித்தவர்கள் வேதியியல்காரர்கள்தான். ஆனால் டப்பாவே இல்லாத மருந்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரியவைத்தது அந்தப் பேச்சு.

கேள்வித்தாளைத் தமிழில் போட்டுக் கொடுத்தால் மொழிப் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?

தீராது. நான் மாட்டிக்கொண்ட கதை இது.

டர்பனில் தமிழ் மட்டுமே வசதியாகப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் இருக்கிறார்கள்: வயதான ஆயாக்கள், ஊரிலிருந்து வந்த கோவில் குருக்கள், கடைகளில் வேலை செய்கிற பையன்கள். ஒரு மூச்சு நோய் ஆய்வுக்குக் கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. "கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு வீசிங் வந்ததா?" என்பது கேள்வி. நான் அகராதிச் சுத்தமாக "மூச்சிரைப்பு ஏற்பட்டதா?" என்று போட்டேன்.

முதல் வீட்டிலேயே ஆயா சிரித்துவிட்டார். "மூணு மாடி ஏறினா யாருக்கும்மா இரைக்காது? உனக்கு இரைக்காதா?" எனக்கும் இரைத்துக்கொண்டுதான் இருந்தது. அன்று மாலைக்குள் பன்னிரண்டு பேர் "ஆமாம்" சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளின்படி அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் ஆஸ்துமா!

அப்புறம் "நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி விசில் சத்தத்தோடு இழுப்பு வந்ததா?" என்று மாற்றினோம். பன்னிரண்டு இரண்டாகச் சுருங்கியது. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. பல நாடுகளில் குழந்தைகளின் ஆஸ்துமாவை ஒப்பிட்ட ஐசாக் ஆய்வு இதற்காகவே ஒரு வீடியோவையும் பயன்படுத்தியது. ஒரு பையன் இழுப்போடு மூச்சு விடுவதைக் காட்டி, "உன் மூச்சு எப்போதாவது இப்படி இருந்ததா?" என்று கேட்டார்கள். வார்த்தையே வேண்டாம் என்று முடிவு செய்தது நல்ல புத்தி.

நீங்கள் மொழிபெயர்த்தால், அசலைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். அப்படியே ஒரு ஆயாவிடமும் படித்துக் காட்டுங்கள். இரண்டாவது வழி மலிவு, பெரும்பாலும் கூர்மையும்கூட.

ரத்தம் கொடுத்தால் அது எங்கே போகிறது? அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்களாமே?

சில சமயம் போகும். போவது தப்பல்ல, சொல்லாமல் போவதுதான் தப்பு.

தென்னாப்பிரிக்காவில் மனிதர்களிடம் செய்யும் எந்த மருத்துவ ஆய்வுக்கும் பதிவு பெற்ற எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். 2003-ஆம் வருஷத் தேசிய சுகாதாரச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ரத்தமோ எச்சிலோ நாட்டை விட்டு வெளியே போகவேண்டுமென்றால் சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி தனி. அதோடு, அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கவேண்டும். என்ன சோதனை செய்யலாம், மிச்சத்தை என்ன செய்வது, லாபம் வந்தால் யாருக்கு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இதற்கான பொது மாதிரியை அரசு 2018-இல் வெளியிட்டது. உங்கள் பெயர், நோய் விவரம் போன்றவற்றுக்கு 2021 ஜூலையிலிருந்து முழுதாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் "எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்" என்ற கட்டம் தனியாக இருக்கும். அதில் டிக் போடாமலே மற்றதற்குச் சம்மதிக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நடுவில் விலகிக்கொள்ளலாமா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல். உங்கள் வழக்கமான சிகிச்சையில் யாரும் கை வைக்கக்கூடாது.

பணம் தருவார்களா?

உங்கள் நேரம், சிரமம், வண்டிச் செலவு இந்த மூன்றுக்கும் ஈடு தருவார்கள். ரத்தத்துக்கு விலை இல்லை. தொகை மிகப் பெரிதாக இருந்தால் கமிட்டியில் நாங்களே சந்தேகப்படுவோம். காசுக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு யாரும் வரக்கூடாது என்பதற்காக.

ஏன் எப்பப் பார்த்தாலும் இந்தியர்களிடமே ஷுகர் ஆராய்ச்சி?

அதிகமாக இருப்பதால். டர்பன் இந்தியர்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வு ஒன்று பெரியவர்களில் சுமார் 13% பேருக்கு நீரிழிவு என்று கண்டது. அன்றைக்கு அது பெரிய எண். சின்ன வயதில் வரும் மாரடைப்பும் நம் குடும்பங்களில் புதிதல்ல.

ஆனால் படிவத்தில் இருக்கிற "இந்தியன்" என்ற கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். தமிழர், தெலுங்கர், போஜ்புரி பேசியவர், அப்புறம் சொந்தக் காசில் வந்த குஜராத்தி வியாபாரிகள் எல்லாரும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டார்கள். அந்தக் கட்டத்தை வரைந்தது விஞ்ஞானமல்ல, பழைய அரசாங்கம். மரபணு மட்டும் பார்க்கிறவர் எல்லாவற்றையும் மரபணு என்பார். சமூக வரலாறு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், அரிசியும் பருப்பும் கருவாடும் படியாக அளந்து கொடுத்த தோட்டத்து ரேஷன், ஊருக்கு வெளியே தள்ளிய குடியிருப்பு, நடக்கப் பயமான தெரு இவையும் கணக்கில் வரும்.

ஆராய்ச்சிக்கு மக்களே விதி போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள், இதே நாட்டில். இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் தங்களை ஆராய வருகிறவர்களுக்கென்று 2017-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். மரியாதை, உண்மை, நியாயம், அக்கறை, முறையான வழி என்று அதில் எதிர்பார்ப்புகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழைய காயம் இருந்தது. வேட்டைக்குப் போகையில் பசி தெரியாமல் இருக்க அவர்கள் மென்ற ஹூடியா செடியின் சத்துக்கு அவர்களைக் கேட்காமலே 1990-களில் காப்புரிமை எடுக்கப்பட்டது. போராடிய பிறகு 2003-இல் பலனில் பங்கு தரும் ஒப்பந்தம் வந்தது. அவர்களின் தலைவர்களில் ஒருவரான ஆண்ட்ரீஸ் ஸ்டீன்காம்ப் ஆராய்ச்சிக்காரர்களை ஜன்னல் வழியாக வராமல் கதவு வழியாக வரச் சொன்னார். கதவு என்று அவர் சொன்னது அவர்களுடைய சொந்த அனுமதி முறையை.

நம் பக்கத்தில் அப்படி எழுதி வைத்த விதி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. எழுத ஆள் இல்லாமலா?

நான் கொடுத்த ரத்தம் என்ன சொல்லிற்று என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டா?

கேட்கும் உரிமை உண்டு. எந்த முடிவைத் திரும்பச் சொல்வார்கள், எதைச் சொல்லமாட்டார்கள் என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருக்கவேண்டும்.

இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி உண்டு. ஃபீனிக்ஸில் ஓர் ஆன்ட்டி ஒரு ஆய்வுக்கு மூன்று தடவை ரத்தம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு டீ போட்டு, வாழைக்காய் பஜ்ஜி வைப்பார். ஆய்வு முடிந்தது, ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது, குழு கலைந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஏம்மா, என் ரத்தம் என்னதான் சொல்லிச்சு?" என்னிடம் பதில் இல்லை. அவருக்குச் சொல்லவேண்டும் என்று திட்டத்தில் யாரும் ஒரு ராண்டுகூட ஒதுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கமிட்டியில் எந்த பட்ஜெட் வந்தாலும், ஊருக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொல்ல ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் திருப்பி அனுப்பச் சொல்லி அடம்பிடிப்பேன்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுவதில் சண்டை வருமாமே?

வரும். கேள்வி எங்கே பிறந்தது என்பதற்கு அடுத்தபடி அதிகச் சண்டை இங்கேதான்.

துறைக்குத் துறை வழக்கம் வேறு. மருத்துவத்திலும் உயிரியலிலும் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் தலைவருக்கு. பொருளாதாரக்காரர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் போடுவார்கள். ஒரு மானிடவியல்காரர் ஒற்றை ஆளாகப் புத்தகம் எழுதிப் பழகியிருப்பார், இருபது பேரில் பதினோராவதாக வந்தால் அவருக்கு வயிறு எரியும். ஆளுக்கு என்ன வேலை என்பதை 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் கிரெடிட் என்ற முறையை இப்போது பல பத்திரிகைகள் கேட்கின்றன. அதை முதல் கூட்டத்திலேயே நிரப்பி வையுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இங்கே கூடுதலாக ஒரு விசித்திரம். ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருகிறது. எழுதியவர்கள் எண்ணிக்கைப்படி அது பங்காகும். நான்கு பேரில் இரண்டு பேர் வெளிநாடு என்றால் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பாதிதான். கூட்டாக வேலை செய்யுங்கள் என்று ஒரு கையால் தட்டிக்கொடுத்து, இன்னொரு கையால் பங்கைக் குறைக்கிறார்கள். நேர்காணல் எடுத்த, மொழிபெயர்த்த, வெயிலில் அலைந்த ஃபீல்டு வொர்க்கர்களுக்கு நன்றி வரியில் ஓர் இடம் கிடைத்தால் பெரிது. மூன்று ஆய்வுகளில் எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

தரவுகளை உடனே உலகத்தோடு பகிர்ந்துகொள்வது நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் அதற்கு இந்த நாடு விலை கொடுத்திருக்கிறது. 2020-இல் நாட்டின் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து கொரோனா மரபணுவைக் கண்காணிக்க ஒரு வலையமைப்பு அமைத்தன. டர்பன் குழுவும் அதில் முக்கியம். 2021 நவம்பரில் போட்ஸ்வானாவோடு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒமைக்ரானைக் கண்டு உலகத்துக்கு உடனே சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் கிடைத்த பரிசு விமானத் தடை. அந்த டிசம்பரில் என் அண்ணன் வாங்கி வைத்திருந்த டிக்கெட்டும் போயிற்று. அப்படியிருந்தும் மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தெரிந்த எந்த விஞ்ஞானியும் சொல்லிக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கோ அதற்கு மேலேயோ வர என்ன வேண்டும்?

உங்கள் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வா மதிப்பிட்டுத் தரவேண்டும். அதற்கு நேரம் எடுக்கும், முதலில் அதைத் தொடங்குங்கள். மாணவர் விசாவுக்கு இங்குள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய இடம் என்றால் பொதுவாகக் கிடைப்பது உதவித்தொகை, சம்பளம் அல்ல. வரி இருக்காது, பென்ஷனும் இருக்காது. நேட்டால் பல்கலைக்கழகமும் இந்தியர்களுக்கென்று தொடங்கி வளர்ந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் 2004-இல் ஒன்றாகி இன்றைய குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயின. பழைய கட்டுரைகளில் பெயர் மாறியிருந்தால் குழம்பவேண்டாம்.

இந்தப் பக்கம் பேசுகிற ஜூலு மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டும். "சாவுபோனா" என்று வணக்கம் சொல்லி, எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுக்கவாவது தெரியவேண்டும். நேராகக் கேள்வித்தாளை எடுத்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்குக் கோவிலில் நிறைய கூட்டம். அங்கே ஆய்வுக்கு ஆள் சேர்க்கலாமா?

கோவில் கமிட்டியிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள், அன்றைக்குக் காலையில் போய் நிற்காதீர்கள். சரி என்றால் மேசையை வெளியே செருப்பு விடும் இடத்துக்கு அருகில் போடுங்கள், அன்னதான வரிசையை ஒட்டி வேண்டாம். கஞ்சிக்கும் கையெழுத்துக்கும் முடிச்சு இருப்பதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. ஷுகர் சோதனை என்றால் கஞ்சி குடிப்பதற்கு முன்பா பின்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை எங்கள் குழு அதை மறந்து, நாற்பது பேரின் சர்க்கரை அளவையும் தூக்கிப் போட்டது.